தேவீரக்காவுக்கு ஒரு சிரிப்பு ஷாட்

தேவீரக்கா எத்தனை தடவை செத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. நானும் எண்ணி வைக்கவில்லை. தலைவாரிப் பூ வைத்து, முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு அவளைப் பாடையில் ஏற்றிவிட்டதெல்லாம் என் கைதான். பெங்களூரில் கன்னடப் படங்களுக்கு ஹேர் டிரெஸ்ஸராகக் காலத்தை ஓட்டியவள் நான். பெயர் பிலோமினா. ஸ்ரீராமபுரத்தில் பிறந்து அங்கேயே கிடப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் காந்திநகர் சினிமாக்காரர்கள் என்னை ஒரு கொண்டை ஊசிக்கு மேல் மதித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துக் கன்னடப் படத்தில் கதாநாயகி கடைசியில் செத்தே ஆக வேண்டும். அதுவும் சுமங்கலியாக, புருஷன் மடியில் தலை வைத்து, குழந்தையின் கையை மாமியார் கையில் ஒப்படைத்துவிட்டுச் சாக வேண்டும். மத்தியான ஆட்டத்துக்கு வருகிற பெண்கள் முந்தானை நனைய அழுதுவிட்டுப் போவார்கள். அழுகை வரவில்லை என்றால் காசு தண்டம் என்று தயாரிப்பாளரின் குலத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். அப்படிச் சாவதில் நடிகை சுகந்தினியை மிஞ்ச ஆள் கிடையாது. கண் சொருகும்போதே தியேட்டரில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் ஆரம்பித்துவிடும். சுகந்தினி செத்தால் படம் வெள்ளிவிழா, பிழைத்தால் இரண்டாம் வாரம் பெட்டி திரும்பிவிடும் என்று காந்திநகரில் பேச்சு.

ஆனால் சுகந்தினி சாவது முகத்தளவில்தான். கண்ணை மூடி, கை சரிந்து விழுகிற வரைக்கும் அவர். அதற்குப் பிறகு பாடையில் கட்டுவது, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போவது, விறகு அடுக்குவது எல்லாம் தேவீரக்கா. சுகந்தினி என்று இல்லை, எந்த நடிகையும் பாடையில் படுக்கச் சம்மதிக்க மாட்டார். தேவீரக்கா எல்லாருடைய பிணமாகவும் இருந்தாள். எல்லாருடைய உயரத்துக்கும் அவள் உடம்பு எப்படியோ பொருந்தியது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாவுக் காட்சியில் நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதில்லை. எழுப்பி நிற்க வைத்து, கேமராவை முகத்துக்கு நேராகத் திருப்பி, "சிரிங்கம்மா" என்பார்கள். அவர் பளிச்சென்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு பிலிமில் பதிந்தால்தான் சாவு கழிந்தது என்று கணக்கு. படத்தில் அது வராது, வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். ஆனால் எடுக்காமல் விட மாட்டார்கள். சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசுகிற டைரக்டர்கள்கூட இதில் மட்டும் வாயைத் திறக்காமல் எடுத்துவிட்டுப் போவார்கள்.

டூப்புக்கு அது கிடையாது. பிலிம் சுருள் கிடைப்பதே அப்போது குதிரைக்கொம்பு. ஒரு முறை நான் கேட்டதற்கு, புரொடக்ஷன் பார்க்கிற பசவராஜு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"டூப்புக்கு ஏது பிலோக்கா தோஷம்? செத்தது சுகந்தினியம்மா. சிரிக்கறதும் அவங்கதான். நடுவுல இவ யாரு?"

"அப்போ பாடையில போனது யாரு, உங்க மாமனாரா?"

"அது வெறும் உடம்பு" என்று சொல்லிவிட்டு இட்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தேவீரக்காவுக்கு ஊர் மளவள்ளிப் பக்கம். புருஷன் மரிகௌடா எங்கள் யூனிட்டில் லைட்மேன். அவனுக்கு ராகிக் களியும் கீரைச் சாறும் கொண்டுவந்து கொடுப்பதற்காகத்தான் அவள் ஸ்டூடியோவுக்குள் முதலில் கால் வைத்தாள். அன்றைக்குச் சாவுக் காட்சி. டூப்பாக வந்த பெண் பாடையில் படுத்ததும் இருமி இருமி எழுந்தாள். கண் இமை வேறு துடித்தது. டைரக்டர் சேஷகிரி தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, ஓரமாகத் தூக்குச் சட்டியோடு நின்ற இவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். படுத்தவள் படுத்தவள்தான். கட்டெறும்பு ஒன்று கன்னத்தில் ஏறி உதட்டு ஓரமாக இறங்கிப் போயிற்று. ஓர் அசைவு இல்லை. ஷாட் முடிந்து, "எழுந்திரும்மா" என்று சொன்ன பிறகும் அவள் எழவில்லை. மரிகௌடா மேலேயிருந்து பதறி இறங்கி வந்து உலுக்கினான். கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா? களி ஆறிப்போயிருக்கும்" என்றாள்.

அவள் எப்படி மூச்சைக் கட்டுகிறாள் என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"வயித்துக்கு அடியில ஒரு இடம் இருக்கு பிலோ. அங்கே போட்டு மூடிடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியாது. நீங்க பேசறதெல்லாம் பக்கத்து வீட்டுல பேசற மாதிரி கேக்கும்."

அந்தப் பக்கத்து வீட்டிலேயே அவள் குடியேறிவிட்டாள் என்று எனக்குப் புரிய வெகுநாளாயிற்று. மரிகௌடா உயரப் பலகையில் நின்று விளக்கைத் திருப்பும்போது கால் தவறி விழுந்து போய்ச் சேர்ந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிட் மொத்தமும் மயானத்தில் நின்று அழுதது. சேஷகிரி சார் குழந்தை மாதிரி அழுதார். தேவீரக்கா புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். "அழுதுடு தேவீரி, அழுதுடு" என்று ஊர்ப் பெண்கள் முதுகில் அடித்தார்கள். அவள் அடிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாளே தவிர, கண் நனையவில்லை. பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

காரியம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். "எதாவது சாவு இருக்கா பிலோ?" என்று கேட்டாள். இருந்தது. படுத்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரும். மனுஷி என்றால் ஒரு நாளாவது கத்த வேண்டாமா? நான் என் புருஷனோடு தினம் சண்டை போடுகிறவள். தட்டு பறக்கும். அவன் செத்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுவேன் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். இவள் என்னடாவென்றால் இட்லியைப் பிட்டு வாயில் போடுவதையும் பாடையில் ஏறுவதையும் ஒரே முகத்தோடு செய்வாள். "எங்கேடி என் பொணம்? சாப்பிட்டாளா?" என்று சுகந்தினி கேட்பார். அவருக்கு இவள்மேல் பிரியம்தான், ஆனால் பேச்சு அப்படி. யூனிட்டே சிரிக்கும். தேவீரக்கா, "ஆச்சும்மா" என்பாள். அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே மகள், சௌபாக்யா. காமாட்சிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை பரமேஷ் பீண்யாவில் ஒரு கம்பெனியில் லேத் வேலை பார்க்கிறவன், சாது. மாமியார் சிக்கதாயம்மா அந்த சாதுத்தனத்துக்கும் சேர்த்து வாய் வைத்திருந்தாள். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்தது. இரண்டாவது நிறைமாதம் வரை நின்று, குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. அன்றைக்கு ஷூட்டிங் இருந்ததால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுநாள் தேவீரக்கா வேலைக்கு வந்தபோது, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "பொதைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலத் தலையைக் கொடுத்து உட்கார்ந்தாள். அன்றும் ஒரு பாடை.

மூன்றாவதாக சௌபாக்யா உண்டானாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தேவீரக்கா பூ, பழம், பச்சை வளையல், புதுப்புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். போன சுருக்கில் அத்தனையும் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னடி, வரலையா?"

"வர மாட்டாளாம். சிக்கதாயம்மா ஏதோ சொல்லியிருக்கா. நான் பாடையில படுத்து எழுந்து வர்றேனாம். சிரிப்பு எடுக்காம சாவைக் கழிக்காம வீட்டுக்குக் கொண்டு வர்றேனாம். அது பிள்ளைங்க மேல எறங்குதாம்."

"அவ கெடக்கறா கெழவி. உன் மக என்ன சொன்னா?"

தேவீரக்கா பச்சை வளையல்களைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "வாசல்லயே நிறுத்திட்டா. 'அவ்வா, நீ சிரிச்சு எடுத்துட்டு வா. அதுக்கப்புறம் வந்து கூப்பிடு, வர்றேன். இல்லேன்னா இந்தப் படி ஏறாதே'ன்னா." அம்மாவை அவ்வா என்றுதான் கூப்பிடுவாள் அந்தப் பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்தாச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன். அவ என்ன பிலிம் பெட்டியைத் திறந்தா பார்க்கப் போறா?"

"அவ கேட்டது ஷாட்டு பிலோ."

"உனக்கு அதுல நம்பிக்கை இருக்கா?"

"எனக்கென்ன. அவளுக்கு இருக்கு."

அப்போது சேஷகிரி சார் சுகந்தினியை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் வரமகாலட்சுமி பண்டிகைக்கு டிவியில் போடுகிறார்களே, அந்தப் படம்தான். பெயர் சொல்ல வேண்டாம், சொன்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பாடை மழையில் கடைத்தெரு வழியாக நீளமாகப் போகிற அந்த ஷாட்டைப் பற்றிப் பெரிய பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிறார்கள். சுகந்தினியின் முகத்தில் சாவின் அமைதி தெரிகிறது என்று ஒருத்தர் பேசினார். அது தேவீரக்காவின் முகம், அதில் தெரிந்தது என் மஞ்சள். போகட்டும்.

அந்த ஷாட்டுக்கு முந்தின நாள், சுகந்தினிக்குச் சடை பின்னும்போது நான் விஷயத்தை எடுத்தேன். கோபத்தில் முடியை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது.

"ஏய், மெதுவா. யார்மேல இருக்கற கோவத்தை என் மண்டையில காட்டறே?"

"உங்க பொணத்துக்கு ஒரு சிரிப்பு ஷாட் வேணும் மேடம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சௌபாக்யாவைப் பற்றி, இரண்டு பிள்ளை போனதைப் பற்றி, வாசலில் நிறுத்தினதைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"இத்தனை வருஷமா அவளுக்கு எடுக்கறதே இல்லையா?"

"இல்ல."

"நான் சிரிச்சுட்டுக் காரேறிப் போயிடறேன். யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு."

அப்படி வாய்விட்டதும் எனக்கே திக்கென்றது. வேறு நடிகையாக இருந்தால் அன்றோடு என் சீப்புப் பெட்டியைக் கட்டியிருப்பேன். சுகந்தினி மூக்குத்தியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் அந்த மழை ஷாட் முடிந்தது. மழைக்காக லாரியிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் நின்றதும் நனைந்த பாடையை இறக்கினார்கள். சேஷகிரி சாருக்கு ஏகத் திருப்தி. சுகந்தினியைக் கூப்பிட்டு, "வாங்கம்மா, சிரிச்சுட்டுக் கெளம்புங்க, நல்ல நேரம் போகுது" என்றார்.

சுகந்தினி நாற்காலியை விட்டு எழவில்லை. "முதல்ல அவளுக்கு."

"யாருக்கு?"

"தேவீரிக்கு. அவ சிரிச்சாத்தான் நான் சிரிப்பேன்."

"பிலிம் இல்லம்மா. உங்களுக்குன்னு ஒரு துண்டு வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்போ அதை ரெண்டு பேருக்கும் பங்கு போடுங்க. இல்லேன்னா நான் இப்படியே செத்துப் போய் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பத்திரிகைக்காரங்க உங்களைக் கேப்பாங்க."

யூனிட்டே வாயைப் பிளந்தது. சேஷகிரி சார் தொப்பியைக் கழற்றினார். எறிவாரோ என்று பார்த்தேன். திரும்ப மாட்டிக்கொண்டு, "கூப்பிடு" என்றார். சும்மா சொல்லக்கூடாது, சுகந்தினி அன்றைக்கு நின்ற மாதிரி எந்த ஹீரோவும் நின்று நான் பார்த்ததில்லை.

தேவீரக்காவைக் கேமரா முன்னால் நிறுத்தினோம். ஈரப்புடவை, முகத்தில் மஞ்சள், மழையில் ஓடின குங்குமம். அவள் சினிமாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் கேமரா முன்னால் காலூன்றி நின்றது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கேமராவுக்குள் சுருள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சிரிம்மா" என்றார் சேஷகிரி சார்.

அவள் கேமராவைப் பார்த்தாள்.

"சிரி தேவீரி, உன் மகளை நெனச்சுக்கோ" என்று நான் கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாத பேச்சுதான், வாயில் வந்துவிட்டது. அவள் முகம் இன்னும் இறுகியது. பசவராஜு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாடைப் பூவைக் காதில் செருகி, சுகந்தினி மாதிரி இடுப்பை ஆட்டி நடந்து காட்டினான். யூனிட் குலுங்கிச் சிரித்தது. கேமராமேனே சிரித்துவிட்டார். சுகந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தேவீரக்கா எங்கள் ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உதட்டைப் பிரித்தாள். பல் தெரிந்தது. அது சிரிப்பு இல்லை. பல் வைத்தியரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது.

"ஓடுது, ஓடுது, சீக்கிரம்" என்றார் கேமராமேன்.

அப்போது அவள் டைரக்டரைப் பார்த்துக் கேட்டாள். "சார், நின்னுக்கிட்டு வரல. படுத்துக்கிட்டுச் சிரிச்சுப் பார்க்கட்டுமா?"

அத்தனை பேர் சிரிப்பும் பொட்டென்று நின்றது. பாடையில் படுத்துக்கொண்டு சிரிக்கிற பிணம். லைட் பையன்கள் இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். பசவராஜு காதிலிருந்த பூவை எடுத்துக் கீழே போட்டான். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே, அங்கே படுத்தால் வரும் என்று நினைத்துக் கேட்டாள்.

"கட்" என்றார் சேஷகிரி சார், வெகு மெதுவாக. "போதும்மா. வந்தது வரைக்கும் போதும்."

மிச்சத் துண்டில் சுகந்தினி சிரித்தார். ஒரு நொடியில் பூ மாதிரி சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே காரை நோக்கி நடந்தார். போகிற வழியில் தேவீரக்காவின் தோளைத் தொட்டார். 

"கெளம்பு. இருட்டறதுக்குள்ள காமாட்சிபாளையம் போயிடலாம்" என்றேன் நான்.

மழை ஷாட்டுக்கே தொட்டி காலியாகியிருந்தது. முகம் கழுவ ஸ்டூடியோவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மாற்றுப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் நான்தான் பேசினேன். "எடுத்தாச்சு, சிரிச்சாச்சு, அவ்வளவுதான். நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கறேன்." அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலையாட்டினாளா, பஸ் ஆட்டியதா தெரியாது.

சௌபாக்யா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊற வைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு மடியில் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. தேவீரக்கா படிக்குக் கீழே தெருவிலேயே நின்றுகொண்டாள். உள்ளேயிருந்து சிக்கதாயம்மா எட்டிப் பார்த்தாள்.

"எடுத்தாங்களா?" என்று கேட்டாள் சௌபாக்யா.

"எடுத்தாங்கடி, உங்க சுகந்தினியம்மாவே நின்னு எடுக்க வெச்சாங்க. சொந்த ஷாட்டையே பாதி கொடுத்தாங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். "சிரிச்சியா அவ்வா?"

"சிரிச்சா" என்றேன்.

"இல்ல" என்றாள் தேவீரக்கா. "எடுத்தாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

அவளை அங்கேயே நாலு அறை விட வேண்டும்போல இருந்தது எனக்கு. ஒரு நடிகை, ஒரு டைரக்டர், இல்லாத பிலிம், எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். சிக்கதாயம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "கேட்டுக்கிட்டியா? நான் சொன்னது சரியாப் போச்சா? இவ வந்து நின்னா இந்தப் பிள்ளையும் தங்காது."

"நீங்க சும்மா இருங்க அத்தே" என்றாள் சௌபாக்யா. மொச்சைப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "ஏன் வரல அவ்வா?"

"தெரியல தாயி."

"எனக்குத் தெரியும். உனக்கு எதுவுமே வராது. அப்பா போனப்ப அழுகை வரல. சரி, அப்பாவோட உனக்கு என்ன பிணக்கோன்னு விட்டேன். என் பிள்ளையைத் துணியில சுத்திக் கொண்டு வந்து உன் கையில கொடுத்தாங்களே, என்ன பண்ணினே? வாங்கி அவர் கையில கொடுத்துட்டு, 'சாப்பிட்டீங்களா மாப்ளே'ன்னு கேட்டே. நான் கட்டில்ல படுத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன். அத்தைகூட மாரடிச்சு அழுதாங்க. நீ சாப்பிட்டீங்களான்னு கேட்டே."

"கேட்டேன்" என்றாள் தேவீரக்கா.

"எனக்குச் சாவும் வேணாம் தோஷமும் வேணாம். கேமரா முன்னாடியாவது என் அம்மா முகம் அசையுதான்னு பார்க்கலாம்னுதான் கேட்டேன். இப்படி ஒருத்தி பக்கத்துல நான் எப்படி வந்து பிள்ளை பெத்துக்கறது?"

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.  நீள வாய்க்காரி நான் மொச்சைப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேவீரக்கா பேசினாள். எப்போதும் பேசுகிற அதே குரல்தான். "கனமா இருந்துச்சு. செத்த பிள்ளை லேசா இருக்கும்னு நெனச்சேன். கனமா இருந்துச்சு தாயி. முடியெல்லாம் இருந்துச்சு. கத்தினா நீ கட்டிலை விட்டு எழுந்துடுவேன்னு மூச்சை உள்ள போட்டு மூடினேன். தொறக்கத் தெரியல. அப்பலேருந்து பார்க்கறேன், வர மாட்டேங்குது."

சிக்கதாயம்மா சாயங்கால விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து வாசல் மாடத்தில் வைத்தாள். அந்த வெளிச்சத்தில் தேவீரக்காவின் முகம் தெரிந்தது. காது ஓரத்திலும் கழுத்திலும் மஞ்சள் திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்தது. நெற்றியில் குங்குமம் பிசிறியிருந்தது.

"சிவனே, பொண மஞ்சளோட வந்து விளக்கு நேரத்துல நிக்கறாளே" என்று சிக்கதாயம்மா அலறினாள்.

சௌபாக்யா இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். படியிறங்கி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயடித் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். "இப்படியா வருவே? ஒரு சொம்புத் தண்ணி கெடைக்கலையா உனக்கு? கேக்கறதுக்கு ஆளில்லாதவ மாதிரி" என்று திட்டிக்கொண்டே துணி சோப்பை எடுத்து முகத்தில் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் தேய்த்தாள். கழுத்தைத் திருப்பித் தேய்த்தாள். குனிய முடியாமல் மூச்சு வாங்கியது அவளுக்கு. சொம்பு சொம்பாகத் தலையோடு ஊற்றினாள். தேவீரக்கா கண்ணை மூடிக்கொண்டு, பாடையில் கிடக்கிற மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். திரும்ப வந்தது. தோள் இரண்டும் தூக்கிப் போட்டன. வாய் கோணிக்கொண்டது.

"சோப்பு கண்ணுல போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்று சௌபாக்யா சொன்னாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

கேட்கச் சகிக்காத அழுகை அது. இத்தனை வருஷம் தியேட்டரில் பெண்கள் அழுது கேட்டிருக்கிறேன், சுகந்தினி அழுது கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் இப்படி அழுததில்லை. மரிகௌடா பெயர் வந்தது. பெயர் வைக்காத அந்தக் குழந்தையை, "என் கண்ணே, என் கண்ணே" என்றாள். என் கண்ணும் என்னைக் கேட்காமல் ஊற்ற ஆரம்பித்தது.

சிக்கதாயம்மா வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். "விளக்கு வெச்ச வாசல்ல அழக் கூடாதும்மா. அதுவும் வயித்துப் பிள்ளைக்காரி பக்கத்துல. சிரிக்கச் சொன்னா இப்படி அழறாளே."

"அழட்டும் அத்தே" என்றாள் சௌபாக்யா. அவள் புடவை முன்பக்கம் முழுக்க சோப்பும் மஞ்சளுமாக இருந்தது. "என் துணியெல்லாம் பையில எடுத்து வைங்க. அவ்வா அழுது முடிச்சதும் நான் அவளோட போறேன்."

முடிய வெகுநேரம் ஆயிற்று.